வடக்கே படிப்பிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

ரொறன்ரோவில் வளர்ந்த நம் பிள்ளைகள் சிலர் ஆசிரியர் பயிற்சியை முடித்துக்கொண்டு வட ஒன்ராறியோவின் ரிசேர்வ் பள்ளிக்கூடங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். போவதற்கு முன் யாரோ சொல்லி என்னைத் தேடி வருவார்கள். பூர்வகுடிக் கல்வியும் குடும்ப எழுத்தறிவும்தான் பல்கலைக்கழகத்தில் நான் படிப்பித்த பாடங்கள். க்ரீ, ஓஜிப்வே, ஓஜி-க்ரீ ஊர்களிலிருந்து ஆசிரியராக வர விரும்பிய தாய்மார்தான் என் மாணவர்களில் அநேகர். அவர்களுடைய ஊர்களுக்குப் போய்ப் பாடம் நடத்துவதும் வேலையின் ஒரு பகுதி. வருகிற பிள்ளைகள் தேத்தண்ணி ஆறுவதற்கு முன்னமே கேட்டுவிடுவார்கள்: “என்ன புத்தகங்கள் கொண்டுபோக வேணும், அன்ரி?”

புத்தகம் பிறகு. அதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியவை சில இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி வந்ததை இங்கே எழுதித் தருகிறேன்.

1. போகிற நிலத்தின் உடன்படிக்கையை வாசியுங்கள்.

வட ஒன்ராறியோவின் பெரும்பகுதி ஒன்பதாம் இலக்க உடன்படிக்கைக்கு உட்பட்டது. 1905, 1906 ஆண்டுகளில் அரசின் ஆணையாளர்கள் ஆறு வழியாகக் கனூவில் போய் ஊர் ஊராகக் கையொப்பம் வாங்கினார்கள். வடகோடி ஊர்கள் 1929, 1930இல் சேர்க்கப்பட்டன. நிலத்துக்கு ஈடாக ஆளுக்கு ஆண்டுக்கு 4 டொலர். இன்றைக்கும் அதே 4 டொலர்தான். ஆசிரியர் சம்பளத்தையும் பள்ளிக் கட்டடத்தையும் அரசு தரும் என்ற வாக்கும் அந்தப் பத்திரத்தில் உண்டு. ஆகவே நீங்கள் அங்கே வாங்கப்போகும் சம்பளம் யாரோ அவர்களுக்குப் போடும் தர்மமல்ல. நிலத்தைக் கொடுத்தவர்களுக்குச் சேர வேண்டிய கடன். அந்தக் கடனில் ஒரு பங்கைக் கட்டப் போகிறோம் என்ற நினைப்போடு விமானம் ஏறுங்கள். ஏழைகளுக்கு உதவப் போகிறேன் என்ற நினைப்போடு ஏறியவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். கிறிஸ்மஸ் விடுமுறைக்கு வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை.

ரொறன்ரோ நகரத்துக்கும் இதே கதை உண்டு. மிசிசாகா மக்களிடமிருந்து 1787இலும் 1805இலும் வாங்கியதாகச் சொல்லப்பட்ட நிலம் அது. அந்தக் கொடுக்கல் வாங்கல் நியாயமாக நடக்கவில்லை என்ற வழக்கு 2010இல்தான் 14.5 கோடி டொலருக்குத் தீர்ந்தது. நாம் அகதியாக வந்து இறங்கியபோது நமக்கு இடம் தந்தது கனடா அரசு என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது யாருடைய இடம் என்பதையும் சேர்த்துச் சொல்லப் பழக வேண்டும்.

2. வாசலில் நிற்கும் பாட்டியைப் பாருங்கள்.

ஒன்பதாம் உடன்படிக்கைக்கு முதலில் போன ஆணையாளர்களில் ஒருவர் டங்கன் கம்பெல் ஸ்கொட். பின்னாளில் இந்தியர் விவகாரத் திணைக்களத்தின் தலைவராக இருந்தவரும் அவர்தான். 7 முதல் 15 வயது வரையான பூர்வகுடிப் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பள்ளிக்கு அனுப்ப வைக்கும் சட்டத்திருத்தம் 1920இல் வந்தது அவர் கையால். பள்ளிக்கூடம் தருவோம் என்று எழுதிக் கொடுத்த கைதான் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்தும் கொண்டுபோனது.

வதிவிடப் பாடசாலைகளுக்குள் 1,50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் போனார்கள். 4,000க்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வரவில்லை என்பது பதிவில் இருக்கிறது. கடைசிப் பாடசாலைகள் மூடப்பட்டது 1990களில். ஜேம்ஸ் பே கரையில் போர்ட் அல்பனியில் இருந்த சென்ட் ஆன்ஸ் பாடசாலையில் பிள்ளைகளை மின்சாரம் பாய்ச்சும் கதிரையில் இருத்தினார்கள் என்று அங்கே படித்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள்தான் இன்றைக்கு உங்கள் மாணவர்களின் பாட்டன் பாட்டிகள்.

என் மாணவி ஒருத்தியின் தாய் தினமும் பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவருவார். வாசல் கதவுக்கு முன்னால் இருக்கும் இரும்புக் கம்பிப் படியில் இருவரும் பூட்ஸைத் தட்டிப் பனியை உதிர்ப்பார்கள். பாட்டி குனிந்து பிள்ளையின் கழுத்துத் துணியை அவிழ்த்து, நாலாக மடித்து, ஜாக்கெட்டின் கைக்குள் செருகி விடுவார். கதவைத் தான் பிடித்துக்கொண்டு பிள்ளையை மட்டும் உள்ளே விடுவார். உள்ளே ஒரு அடி வைக்கமாட்டார். பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகை குளிரிலும் அப்படித்தான். பெற்றோர் சந்திப்பு நாளில் அந்த வீட்டிலிருந்து யாரும் வராததால், வெளியூரிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர் பிள்ளையின் கோப்பில் “குடும்பத்துக்குப் படிப்பில் அக்கறையில்லை” என்று எழுதி வைத்தார். ஆண்டு முழுக்கத் தினமும் காலையில் அந்தப் பாட்டி செய்ததைப் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தவர் அவர்.

உங்கள் கோப்புகளில் அந்த மாதிரி வரி இருக்கக் கூடாது. பாட்டி உள்ளே வரவில்லையென்றால் நீங்கள் வெளியே போய் நில்லுங்கள். பிள்ளை நேற்று என்ன செய்தது என்று இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். குளிர்கிறது என்று அவசரப்படாதீர்கள்.

3. குடும்ப எழுத்தறிவு என்ற பெயரில் பள்ளிக்கூடத்தை வீட்டுக்குள் தள்ளாதீர்கள்.

இந்தத் துறைக்குப் பெயரைத் தந்தது 1983இல் டெனி டெய்லர் எழுதிய நூல். வீடுகளுக்குள் அன்றாட வாழ்க்கையோடு கலந்து எழுத்து எப்படிப் புழங்குகிறது என்று பார்த்து எழுதியவர் அவர். ஆனால் பெயர் பரவிய வேகத்தில் பொருள் மாறிவிட்டது. ஏழைத் தாய்மாரைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு இரவில் எப்படிக் கதை வாசிப்பது என்று பள்ளிக்கூடத்து முறையைச் சொல்லிக்கொடுத்து அனுப்பும் வகுப்புகளாக அது ஆனது. 1989இலேயே எல்சா ஆவர்பாக் இதைத் தட்டிக் கேட்டார்: வீட்டில் குறை இருக்கிறது என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டு, பள்ளியின் பழக்கங்களை அங்கே ஏற்றுகிறீர்களே என்று.

கனடாவில் இதைப் பூர்வகுடி மக்கள் அதற்கும் முன்பே சொல்லிவிட்டார்கள். 1970இல் அல்பேர்ட்டாவின் புளூ குவில்ஸ் வதிவிடப் பாடசாலைக்குள் பெற்றோர் போய் உட்கார்ந்து, எழும்ப மறுத்து, அதன் நிர்வாகத்தைத் தங்கள் கைக்கு வாங்கினார்கள். 1972இல் தேசிய இந்தியர் சகோதரத்துவம் என்ற அமைப்பு, பூர்வகுடிக் கல்வியின் கட்டுப்பாடு பூர்வகுடிகளுக்கே என்ற அறிக்கையை வெளியிட்டது. அதற்கு அடித்தளம் இரண்டு: பெற்றோரின் பொறுப்பு, ஊரின் நிர்வாகம். அடுத்த ஆண்டு அரசு அதை ஏற்றது. ஏற்றபடி நடந்ததா என்பது வேறு கதை. 1996இலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பூர்வகுடி ஊர்களின் சேவைகளுக்கான நிதி ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் கூடக்கூடாது என்று மத்திய அரசு மூடி போட்டு வைத்திருந்தது. பிள்ளைகளின் தொகை அந்த மூடிக்குள் நிற்கவில்லை.

நான் நம்புவது இதுதான். அந்த ஊர்களில் வீடுதான் பள்ளிக்கூடமாக இருந்தது. அதை உடைத்தது பள்ளிக்கூடம். இப்போது பள்ளிக்கூடத்தின் வேலை, உடைத்ததைத் திருப்பிக் கட்ட வீட்டுக்குக் கை கொடுப்பது. மேசன் வீட்டுக்காரர், நாம் கல் எடுத்துக் கொடுக்கும் ஆட்கள்.

4. படிப்பு எங்கே நடக்கிறது என்று தேடிப் போங்கள்.

ஜேம்ஸ் பே கரையில் வசந்தம் என்றால் கூஸ். தெற்கிலிருந்து காட்டு வாத்துகள் கூட்டம் கூட்டமாக வரும்போது ஊரே கரைக்குப் போய்விடும். பள்ளிக்கூடத்துக்கும் அப்போது விடுமுறை; நாட்காட்டியிலேயே ‘கூஸ் பிரேக்’ என்று போட்டிருக்கும். புதிதாக வரும் ஆசிரியர்கள் அந்த நாட்களில் தெற்கே வீட்டுக்குப் பறந்துவிடுகிறார்கள். நீங்கள் பறக்காதீர்கள். யாராவது கூப்பிட்டால் முகாமுக்குப் போங்கள்.

ஒருமுறை என்னைக் கூட்டிப்போன மாணவியின் வீட்டுக் கூடாரத்தில் தரை முழுக்க ஸ்புரூஸ் கிளைகள், காம்பு கீழே மறையும்படி ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கியிருந்தது. நடுவில் நெருப்பு. பாட்டி ஒரு கூஸை மடியில் போட்டு மெல்லிய தூவிகளைப் பிடுங்கிப் பைக்குள் போட்டார். மிஞ்சிய முடியை நெருப்பில் காட்டிப் பொசுக்கினார். பிறகு பறவையைக் கயிற்றில் கட்டி நெருப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, கயிற்றை முறுக்கி விட்டார். முறுக்கு அவிழும்போது பறவை தானே சுற்றும். அவிழ்ந்து முடிந்ததும் மறுபக்கம் முறுக்கிக்கொண்டு திரும்பச் சுற்றும். கீழே கொழுப்பு சொட்டுவதற்கு ஒரு தட்டு.

பேரனுக்கு ஐந்து வயது இருக்கும். அவன் கையில் ஒரு குச்சி. சுற்று நிற்கப்போகும் நேரம் பார்த்து குச்சியால் லேசாகத் தட்டிவிட வேண்டும். இதைச் செய், அதைச் செய்யாதே என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. பாட்டி என்னோடு கதைத்துக்கொண்டிருந்தபோது நெருப்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. பையன் எழுந்து, கயிற்றைப் பார்த்து, சொட்டு விழும் இடத்தைப் பார்த்து, தட்டை ஒரு கை அளவு நகர்த்தி வைத்துவிட்டுத் திரும்ப வந்து இருந்தான். பாட்டி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் அதே பையன் “கவனம் நிலைக்காதவன்” என்று பெயர் வாங்கியிருந்தான். காரணம் காரியம், வரிசை, அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டி நினைத்தல் என்று வாசிப்புக்குத் தேவையான அடிப்படை எல்லாம் அந்தத் தட்டை நகர்த்தியதில் இருந்தது.

என் மாணவி தன் போனில் படங்கள் எடுத்தாள். ஒரு கிழமைக்குப் பிறகு அதை ஒரு சின்னப் புத்தகமாகச் செய்யலாம் என்று பையனிடம் கொடுத்தபோது, முதற்பக்கத்துக்கு அவன் எடுத்தது கயிற்றின் முடிச்சை. நானோ அவளோ என்றால் வானத்தில் பறக்கும் கூஸை வைத்திருப்போம். ஆங்கில வரியைத் தாய் எழுதினாள். பாட்டி பக்கங்களைப் புரட்டிவிட்டு, இறக்கை எங்கே என்று கேட்டார். கூடாரத்தைக் கூட்டுவதற்கு இறக்கையைத்தான் துடைப்பமாக வைத்திருந்தார். அது இல்லாமல் கதை முடியாது. திரும்பப் போய் அதையும் படம் எடுத்தார்கள். அதற்குக் கீழே பாட்டி தன் கையால் க்ரீயில் எழுதினார்.

5. அந்த எழுத்தைப் படியுங்கள்.

பாட்டி எழுதியது க்ரீ அசை எழுத்து. தமிழ் எழுதத் தெரிந்தவர்களுக்கு இதைப் பிடிப்பது இலகு. நம் உயிர்மெய்யைப் போல ஒரு குறி ஓர் அசை. நாம் கொம்பும் காலும் போட்டு உயிரைக் காட்டுகிறோம். அவர்கள் அதே வடிவத்தைத் திருப்பி வைக்கிறார்கள். ஒரு கோணம் மேல்நோக்கி நின்றால் ‘பி’, கீழ்நோக்கினால் ‘பே’, வலப்பக்கம் பார்த்தால் ‘போ’, இடப்பக்கம் பார்த்தால் ‘ப’. ஆசிரியர் தங்கும் வீட்டில் இருட்டு நாலரை மணிக்கே வந்துவிடும் மாதங்களில் இதைப் படிக்கலாம்.

1840இல் மனிற்றோபாவின் நோர்வே ஹவுஸில் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற பாதிரியார் இதை அச்சில் ஏற்றினார் என்று நூல்கள் சொல்லும். ஒரு க்ரீ மனிதர் ஆவி உலகத்துக்குப் போய் இதைப் பெற்றுவந்தார் என்று க்ரீ வாய்மொழி வரலாறு சொல்லும். இரண்டையும் தெரிந்து வைத்திருங்கள். எது சரி என்று அங்கே நின்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். உங்கள் வேலைக்கு முக்கியமானது இது பரவிய விதம். பாதிரிமார் போய்ச் சேராத இடங்களுக்கும் இந்த எழுத்து முந்திக்கொண்டு போய்விட்டது. வேட்டைக் கூடாரங்களில் ஒருவருக்கு ஒருவர், தாய் பிள்ளைக்கு, கணவன் மனைவிக்கு என்று நெருப்பு வெளிச்சத்தில் படிப்பித்துப் படித்தார்கள். வட கனடாவில் குடும்ப எழுத்தறிவு என்றால் முதல் சான்று அதுதான். அந்தச் சமூகத்துக்கு வாசிப்பைப் பழக்க வேண்டும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

6. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள்.

“இது என்ன நிறம்?” என்று கையில் சிவப்புப் பெட்டியை வைத்துக்கொண்டு கேட்கிறோம். நமக்குப் பதில் தெரியும். தெரிந்ததை ஏன் இந்தப் பெரிய மனுசி கேட்கிறா என்று பிள்ளை யோசிக்கும். பார்த்துப் பழகி, தனியே செய்து பார்த்து, சரியாக வருகிறது என்று தானே நம்பிய பிறகுதான் பிறர் முன் செய்து காட்டுவது என்ற ஒழுங்கில் வளர்ந்த பிள்ளை அது. ஒரிகனின் வோர்ம் ஸ்பிரிங்ஸ் ரிசேர்வில் சூசன் பிலிப்ஸ் செய்த ஆய்வு 1983இல் நூலாக வந்தது. எல்லார் முன்னிலையிலும் ஒருவரைத் தனியே எழுப்பிக் கேட்கும்போது வாய் திறக்காத பிள்ளைகள், தங்களுக்குள் குழுவாக வேலை செய்யும்போது தாராளமாகக் கதைத்தார்கள் என்று அவர் கண்டார்.

கேட்பதென்றால் உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வியைக் கேளுங்கள். மூஸ் இறைச்சியை எப்படிக் காயப்போடுவது, ஸ்கிடூ வண்டி ஐஸில் எந்த இடத்தில் தாழும், உன் மாமா ஏன் அந்தப் பக்கம் வலை போடுவதில்லை. கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ 1970களிலேயே அளந்து சொல்லியிருக்கிறார். மூன்று விநாடி காத்தாலே பதில்கள் நீளும். வடக்கே அதைவிடக் கூடவும் தேவைப்படும். அந்த இடைவெளியில் நீங்கள் வாய் திறக்காமல் இருப்பதுதான் முழுப் பயிற்சியும்.

7. கதைக்குக் காலம் இருக்கிறது.

வீசாக்கேஜாக் என்ற குறும்பனைப் பற்றிய க்ரீ பழங்கதைகள் பனி விழுந்த பிறகு சொல்லுவதற்கு உரியவை. பாடத்திட்டத்தில் செப்டெம்பர் மூன்றாம் கிழமை ‘பழங்கதைகள்’ என்று எழுதியிருக்கிறது என்பதற்காக ஒரு மூத்தவரை அப்போது கூப்பிட்டுக் கதை கேட்காதீர்கள். அந்தப் பாட அலகை ஜனவரிக்குத் தள்ளுங்கள். 1999இலிருந்து ஜனவரி 27 கனடாவில் குடும்ப எழுத்தறிவு நாள். அது நல்ல பனிக்காலம்.

கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது. க்ரீ, ஓஜிப்வே ஊர்களில் புகையிலை கொடுத்துக் கேட்பது வழக்கம். எல்லாப் பூர்வகுடிகளுக்கும் அது பொது அல்ல, இனுயிட் மக்களிடம் அந்த முறை இல்லை. பள்ளியில் வேலை செய்யும் உள்ளூர் உதவியாசிரியையிடம் கேட்டால் உங்கள் ஊருக்குரிய முறையைச் சொல்லித் தருவார். அவர்தான் அந்தக் கட்டடத்தில் உங்கள் முதல் ஆசிரியர். ஜோ-ஆன் ஆர்ச்சிபல்ட் 2008இல் எழுதிய ‘இண்டிஜினஸ் ஸ்டோரிவேர்க்’ நூலையும் அந்த ஜனவரிக்குள் வாசித்து முடியுங்கள்.

8. கூட்டம் வைப்பதென்றால்.

சாப்பாடு இருக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கு இடம் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் வைக்காமல் ஊர் மண்டபத்திலோ ஒரு வீட்டிலோ வையுங்கள். ரேடியோ பிங்கோ நடக்கும் இரவைத் தவிருங்கள். மரணம் நடந்தால் எல்லாம் நிற்கும். நீங்களும் நிறுத்திவிட்டு, சமைக்கும் இடத்துக்குப் போய்ப் பாத்திரம் கழுவுங்கள். ஆறு உறையும் காலத்திலும் உடையும் காலத்திலும் யார் எங்கே அகப்பட்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

ஊர் ரேடியோவை மறக்க வேண்டாம். பல ஊர்களில் சின்ன ஒலிபரப்பு நிலையம் ஒன்று இருக்கும். 1974இலிருந்து சூ லுக்அவுட்டில் இயங்கும் வாவாட்டே நிறுவனம் க்ரீயிலும் ஓஜி-க்ரீயிலும் செய்தியும் நிகழ்ச்சியும் தந்து வந்திருக்கிறது. பள்ளிக்கூட வாசலைத் தாண்டாத பாட்டி ரேடியோவில் வந்து அரை மணி நேரம் கதை சொல்லுவார். ஊர் முழுக்கக் கேட்கும்.

9. பிள்ளை மந்தமென்று எழுதுவதற்கு முன் காதைப் பாருங்கள்.

வட ஊர்களில் நடுக்காதுத் தொற்று மிகவும் அதிகம். காதில் நீர் கட்டிய பிள்ளைக்கு மெய்யொலிகள் பாதி கேட்காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. தாதியிடம் அனுப்புங்கள். தண்ணீரையும் விசாரியுங்கள். நெஸ்காண்டாகாவில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை 1995இல் வந்தது. அங்கே அந்த எச்சரிக்கைக்குள்ளேயே பிறந்தவர்கள் இப்போது பெற்றோராகியிருக்கிறார்கள். காலையில் பிள்ளைக்குப் பல் விளக்கப் போத்தல் தண்ணீர் தேடும் தாயிடம், இரவில் இருபது நிமிடம் வாசித்துக் கையொப்பம் போட்டு அனுப்பு என்று தாள் கொடுத்தனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

10. ஏழாம் எட்டாம் வகுப்பு எடுப்பவர்களுக்கு.

பல ஊர்களில் உயர்நிலைப் பள்ளி முழுதாக இல்லை. பதின்மூன்று பதினாலு வயதில் பிள்ளை தண்டர் பே நகரத்துக்குப் பறக்க வேண்டும், தெரியாத வீட்டில் தங்க வேண்டும். 2000 முதல் 2011 வரை அப்படிப் போனவர்களில் ஏழு பேர் இறந்தார்கள். 2016இல் விசாரணை மன்றம் 145 பரிந்துரைகள் தந்தது. தான்யா தலாகா எழுதிய ‘செவன் ஃபாலன் ஃபெதர்ஸ்’ அவர்களைப் பற்றியதுதான். அதை வாசிக்காமல் எந்தத் தாயிடமும் “மேற்படிப்புக்கு அனுப்புங்கள்” என்று ஊக்கம் கொடுக்கப் போகாதீர்கள். அட்டாவாபிஸ்காட்டின் ஷானன் கூஸ்டாச்சினையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். டீசல் கசிந்த நிலத்தில் இருந்த பள்ளிக்கூடம் 2000இல் மூடப்பட்ட பிறகு தற்காலிகக் கொட்டகைகளில் படித்த பிள்ளை அவள். 2008இல் ஒட்டாவாவுக்குப் போய் அமைச்சரிடம் பள்ளிக்கூடம் வேண்டுமென்று நேரே கேட்டாள். 2010இல் வீதி விபத்தில் இறந்துபோனாள். 2014இல் ஊருக்குப் புதுப் பள்ளிக்கூடம் வந்தது.

11. “நாங்களும் அப்படித்தான்” என்று தொடங்காதீர்கள்.

யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறை என்னுடையது. வடக்கே போய் அவர்கள் கதையைக் கேட்கும்போது நம் கதை தொண்டை வரைக்கும் வரும். விழுங்குங்கள். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் நம் துயரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தால், அவர்கள் நம்மைத் தேற்றத் தொடங்கிவிடுவார்கள். அவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள். நிறைய நாள் பழகிய பிறகு அவர்களாகவே கேட்பார்கள். என்னிடம் ஒரு பாட்டி கேட்டது, உன் பேரப்பிள்ளைகளுக்கு உன் மொழி வருமா என்று. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, “அவர்கள் மறந்தாலும் அந்த மொழி கடலுக்கு அப்பால் இருக்கும்தானே” என்றார். அவருடைய மொழிக்கு அப்படி வேறு கரை கிடையாது. நம் மொழியை இந்த நாட்டில் பேசாதே என்று யாரும் பிள்ளைகளை அடிக்கவுமில்லை. இரண்டும் ஒன்றல்ல.

12. இப்போது புத்தகம்.

ஒன்ராறியோவின் முதல் பூர்வகுடித் துணைநிலை ஆளுநர் ஜேம்ஸ் பார்ட்டில்மன் 2004இல் வட ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்காக 12 லட்சம் புத்தகங்கள் சேர்த்தார். அதோடு நிற்காமல் அடுத்த ஆண்டு கோடைகால வாசிப்பு முகாம்களையும் தொடங்கினார். புத்தகம் மட்டும் போதாது என்று நீங்கள் புரிந்துகொள்ள அந்த இரண்டாவது வேலையையும் பாருங்கள். டேவிட் ராபர்ட்சன் எழுதி ஜூலி ஃப்ளெட் படம் வரைந்த ‘வென் வீ வேர் அலோன்’ கொண்டுபோங்கள். வதிவிடப் பாடசாலையில் தனக்கு மறுக்கப்பட்டதைப் பாட்டி பேத்திக்குச் சொல்லும் கதை. அதை வகுப்பில் வாசிக்க முன்னம் வீடுகளுக்குச் சொல்லுங்கள், ஏனென்றால் அன்று பின்னேரம் பிள்ளை வீட்டுக்குப் போய்க் கேள்வி கேட்கும். மிச்ச இடத்துக்கு வெற்றுத் தாள், நல்ல ஸ்டேப்ளர், படம் அச்சிடும் சின்ன மெஷின், அதற்கு மை. மை அங்கே கிடைக்காது, கிடைத்தாலும் யானை விலை.

13. பல்கலைக்கழகத்துக்கு வர நினைப்பவர்களுக்கு.

உங்களில் சிலர் பிறகு மேற்படிப்புப் படித்து என் வழியில் வருவீர்கள். வேர்ணா கேர்க்னெஸ், ரே பார்ன்ஹார்ட் இருவரும் 1991இல் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். வேர்ணா மனிற்றோபாவின் ஃபிஷர் ரிவர் ஊர்க் க்ரீ. பல்கலைக்கழகம் பூர்வகுடி மாணவருக்குத் தர வேண்டியவை மரியாதை, பொருத்தம், கொடுக்கல் வாங்கல், பொறுப்பு என்று அந்தக் கட்டுரை சொல்கிறது. மாணவர் பாதியில் விலகினால் மாணவரை ஆராயாதே, நிறுவனத்தை ஆராய் என்பதுதான் அதன் போக்கு.

ஒருவர் சொன்னதைப் பதிவு செய்தால் அந்தப் பதிவு யாரிடம் இருக்கும், யார் கேட்கலாம், யார் அழிக்கலாம் என்பதை முதல் நாளே ஊரோடு பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஊரின் தரவு ஊருக்கே சொந்தம் என்ற விதிகளைப் பூர்வகுடி மக்கள் 1998இலேயே வகுத்துவிட்டார்கள். ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டுவிட்டு ஊருக்கு ஒரு பிரதிகூட அனுப்பாதவர்களின் பெயர் அங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

பட்டம் வாங்கத் தாய்மாரை நகரத்துக்குக் கூப்பிடாமல் படிப்பை ஊருக்குக் கொண்டுபோகும் திட்டங்களில் சேருங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் பூர்வகுடி ஆசிரியர் பயிற்சித் திட்டம் 1974இலேயே ஊர்ப்புற நிலையங்களை வைத்துத் தொடங்கியது. வகுப்பில் பிள்ளைகள் ஓடித் திரிவார்கள், திரியட்டும். மாணவி பாலூட்டிக்கொண்டே விவாதம் செய்வாள். குடும்ப எழுத்தறிவுப் பாடத்துக்கு அதைவிட நல்ல வகுப்பறை எனக்கு வாய்த்ததில்லை.

உங்கள் கதிரைக்கு யார் வரப்போகிறார் என்று வேலையில் சேர்ந்த ஆண்டே யோசிக்கத் தொடங்குங்கள். என் பாடத்தை இப்போது நடத்துபவர் என்னிடம் படித்தவர், ஜேம்ஸ் பே கரைக்காரர். வந்ததும் வசந்தகால வகுப்புகளைக் கூஸ் முகாமுக்கு மாற்றினார். இறுதிக் கட்டுரையை எடுத்துவிட்டு, மாணவர் தான் கற்றதைத் தன் குடும்பத்து மூத்தவர் ஒருவருக்குச் சொல்லிக் காட்ட வேண்டும், புள்ளியின் ஒரு பங்கை அந்த மூத்தவர் போடுவார் என்று வைத்தார். பட்டம் இல்லாதவர் எப்படிப் புள்ளி போடலாம் என்று பல்கலைக்கழகக் குழுவில் கேட்டார்கள். அவர் 1972 அறிக்கையின் பிரதியை மேசையில் வைத்து, பெற்றோரின் பொறுப்பு என்ற பகுதியை வாசித்துவிட்டு இருந்தார். அனுமதி கிடைத்தது.

அந்த வகுப்பில் வெளியூர் ஆசிரியர்களுக்கும் சில இடங்கள் வைத்திருக்கிறார். வேலை ஒப்பந்தத்தில் கையொப்பம் வைத்தவுடன் அவருக்கு எழுதிக் கேளுங்கள். இடமில்லை என்றால், அடுத்த ஆண்டுக்குப் பெயரைப் போட்டு வையுங்கள்.